பச்சை ஒளிக்கு இரிடியமா, பிளாட்டினமா, செம்பா?

ஓஎல்இடி (மின்னோட்டம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் படலம்) திரைக்கான பச்சை உமிழ்பொருளாக, அதாவது ஒளியை வெளியிடும் பொருளாக, எந்த உலோக அணைவுச் சேர்மத்தை (உலோக அணுவைச் சுற்றிக் கரிம மூலக்கூறுகள் பிணைந்த சேர்மத்தை) எடுப்பது என்ற கேள்வி எங்கள் ஆய்வகத்தில் வந்தபோது நான் இரிடியத்தைத்தான் எடுத்தேன். இன்றும் அந்தக் கட்சிதான். நடுநிலைத் தீர்ப்பை இங்கே தேட வேண்டாம்.

அலுமினியத்தின் அணைவுச் சேர்மமான அல்க்யூ3-க்கு மரியாதை உண்டு. 1987-இல் கோடாக்கின் டாங்கும் வான்ஸ்லைக்கும் இந்தத் துறையைத் தொடங்கியதே அதை வைத்துத்தான். ஆனால் மின்னோட்டத்தால் பிறக்கும் கிளர்வுகளில் (மூலக்கூறு கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலைகளில்) நாலில் ஒன்று எளிதில் ஒளிரும் சிங்க்லெட், மூன்று எளிதில் ஒளிராத டிரிப்லெட். லேசான அணுவான அலுமினியத்தால் அவற்றை ஒளியாக்க முடியாது, வெப்பமாக வீணாகும். எனவே அது போட்டியில் இல்லை.

இரிடியம் விலை அதிகம் என்பதை எல்லோரும் முதலில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உமிழும் அடுக்கின் தடிமனே சில பத்து நானோமீட்டர். அதிலும் பெரும்பகுதி வேறு பொருள், இரிடியம் சேர்மம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான்.

நான் பார்த்தது கிளர்வு ஆயுளை, அதாவது மூலக்கூறு ஒளிர்ந்து அடங்கும்வரை கிளர்ந்த நிலையில் இருக்கும் நேரத்தை. 1998-இல் டிரிப்லெட்டை ஒளியாக்கிக் காட்டியது பிளாட்டினம் போர்ஃபிரின் என்ற அணைவுச் சேர்மம்; அது தரும் ஒளி சிவப்பு. அதன் கிளர்வு பத்துக்கணக்கான மைக்ரோநொடி நீடிக்கும். பந்தியில் சாப்பிட்டவர் எழுந்திருக்காவிட்டால் அடுத்தவர் நிற்க வேண்டியதுதானே? மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட, நெருங்கிய டிரிப்லெட்டுகள் ஒளிராமலே ஒன்றையொன்று அழித்துவிடும், திறன் சரியும். மறு ஆண்டு வந்த இரிடியம் ட்ரிஸ்-ஃபீனைல்பிரிடினில் ஆயுள் ஒன்றிரண்டு மைக்ரோநொடிதான். திரையைப் பிரகாசமாக ஓட்டும்போது இதுதான் கைகொடுக்கும். கிளர்ந்த நிலையில் மூலக்கூறு தங்கும் நேரம் குறைந்தால் பிணைப்பு உடையும் வாய்ப்பும் குறையும். பிளாட்டினத்தில் இன்னொரு தொல்லை, தட்டையான மூலக்கூறுகள் அடுக்கிக்கொண்டால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். புதிய நான்கு-பல் ஈந்தணைவிகள் (உலோகத்தை நான்கு இடங்களில் பற்றும் மூலக்கூறுகள்) பிளாட்டினத்தின் கிளர்வு ஆயுளை நன்றாகவே குறைத்திருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும்.

இரிடியமும் சும்மா வராது. அந்தச் சேர்மத்தில் மூன்று ஈந்தணைவிகளும் உலோகத்தைச் சுற்றி அமையும் முறை இரண்டு: மெர், ஃபேக். 140 டிகிரியில் சமைத்தால் மெர் வடிவம் அதிகம் வரும், அது மங்கல். 200-க்கு மேல் ஏற்றினால்தான் நமக்கு வேண்டிய ஃபேக். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனையில் ஈந்தணைவிக் குறிகள் ஒரே தொகுதியாக வந்தால் ஃபேக், மூன்று தொகுதியாக வந்தால் மெர். பிறகு வெற்றிடப் பதங்கமாதல், அதாவது உருகாமல் ஆவியாக்கித் தூய்மைப்படுத்துவது.

செம்பு மலிவு. அறை வெப்பத்தைக் கொண்டே டிரிப்லெட்டை சிங்க்லெட்டாக ஏற்றிவிடும். ஆனால் கிளர்ந்ததும் நான்முகி வடிவம் தட்டையாகி ஆற்றல் கசிகிறது. பருத்த ஈந்தணைவி போட்டு அதைத் தடுக்க வேண்டும். பினாந்த்ரோலின் என்ற ஈந்தணைவி கொண்ட செம்பு வகைகள் பெரும்பாலும் அயனிச் சேர்மங்கள், பதங்கமாகாது. 2017-இல் பேசப்பட்ட கார்பீன்-உலோக-அமைடுகள் என்ற புது வகைச் சேர்மங்கள் மைக்ரோநொடிக்குள்ளேயே ஒளிர்ந்து முடிக்கின்றன. நான் கையால் செய்து பார்த்ததில்லை, படித்ததோடு சரி.

இதெல்லாம் பச்சைக்கும், ஓரளவு சிவப்புக்கும். நீலத்துக்கு இதே உறுதியோடு இரிடியத்தைச் சொல்ல மாட்டேன். நீல ஒளியின் ஆற்றலே பிணைப்பை உடைக்கப் போதும்; திரைகளில் வெகுகாலம் டிரிப்லெட்டை ஒளியாக்காத சாதாரண ஒளிர்பொருளே நீலத்துக்கு நின்றதன் காரணம் அதுதான். அங்கே நான் முதலில் பிளாட்டினத்தைத்தான் சோதித்துப் பார்ப்பேன்.