அம்மம்மாட தையல் மெஷினைக் கட்ட ஒரிஜினல் லெகோவா, சைனா பிரிக்கா?

பழைய வீட்டுச் சாமான், விளையாட்டுச் சாமான் எல்லாத்தையும் பிரிக்கால கட்டி வைக்கிற ஆசை இப்ப எங்கட ஆக்களுக்கும் நல்லா வந்திட்டுது. என்னட்டக் கேக்கிற எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், ஒரிஜினல் லெகோவில கட்டுறதா இல்லாட்டி சைனாவில இருந்து வாற, லெகோவோட பொருந்துற பிரிக்கில கட்டுறதா. நான் அம்மம்மாட கறுப்புக் கை மெஷினைப் பாதி அளவில கட்டி முடிச்சிருக்கிறன், அதுக்காக ரெண்டு விதப் பார்ட்ஸும் எடுத்துப் பூட்டிக் கழட்டிப் பார்த்தனான். என்ட முடிவு ஒரிஜினல் பக்கம்தான், அதிலயும் புதுசு இல்லை, பாவிச்ச ஒரிஜினல்.

மூண்டாவதா ஒரு வழியும் இருக்கு, ரெடிமேட் செட். லெகோ கொம்பனியே பழைய சாமான்களை வரிசையா விட்டுக்கொண்டு வருது: 2021ல டைப்ரைட்டர், 2079 துண்டு, 2022ல அட்டாரி கேம் மெஷின், 2532 துண்டு, 2024ல போலரொயிட் கமரா, 516 துண்டு, பேந்து 2025ல கேம் போய், 421 துண்டு. டைப்ரைட்டரைக் கட்டினால் உள்ளுக்க இருக்கிற வேலைப்பாட்டைப் பார்த்து நிறையப் படிக்கலாம், அது பொய் இல்லை. 2024ல வந்த பழைய ரேடியோ செட்டும் நல்லது, இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீட்டில வைக்கப் பொருத்தமானது, பின்பக்கம் போனை வைக்க இடமும் இருக்கு. ஆனா எங்கட வீடுகளில அட்டாரி எங்க இருந்தது? தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ், பாட்டுப் போட்டுக்கொண்டு பான் விக்க வாற சூன் பான் திரீவீல், சிவப்பு சி.ரி.பி. அரசாங்க பஸ் இதெல்லாம் வேணுமெண்டால் நாங்களே டிசைன் பண்ணத்தான் வேணும். அதுக்கு ஸ்டூடியோ எண்ட சொப்ட்வெயர் இலவசமாக் கிடைக்குது, கம்பியூட்டரில கட்டி முடிச்சால் என்ன பார்ட், என்ன கலர், எத்தனை எண்ட லிஸ்டையும் அதுவே தரும்.

அந்த லிஸ்ட் கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினையே தொடங்குது. விலையில சைனா பிரிக் வெல்லும், அதில கதையே இல்லை. லிஸ்டை அப்படியே சைனாக் கடைக்கு அனுப்பினால் ஒரே பார்சலில பார்ட் வாரியாப் பொலித்தீன் பையில போட்டு அனுப்பிவிடுவினம். ஒரிஜினல் எண்டால் பிரிக்லிங்கில தேட வேணும், (2019ல லெகோவே வாங்கின ஒன்லைன் பார்ட்ஸ் சந்தை அது), ஒரு கடையில கறுப்புப் பிளேட் (தட்டையான துண்டு) இருக்கும், வளைஞ்ச சிலோப் (சரிவான துண்டு) இருக்காது, ரெண்டு மூண்டு கடையில பிரிச்சு எடுத்தால் தபால் செலவு பார்ட்ஸ் விலையைத் தாண்டிப் போகும், பிறகு இங்க டியூட்டி வேற. இதுக்கு எங்கட ஆக்களிட்ட ஒரு நல்ல வழி இருக்கு. டொரொண்டோவிலயோ லண்டனிலயோ இருக்கிற சொந்தக்காரரிட விலாசத்துக்கு ஓடர் பண்ணி விட்டு, அவை கலியாணத்துக்கோ தேருக்கோ வரேக்க சூட்கேஸில கொண்டு வரச் சொல்லுறது. பார்ட்ஸ் பாரம் குறைவு, சொக்லேட் பெட்டிக்கு இடையில போகும். அவசரப்படாத ஆளுக்கு இதுதான் தோது.

இன்னொண்டு, சைனா பிரிக் எண்ட உடனே கள்ளச் சாமான் எண்டு சிலபேர் முகத்தைச் சுழிக்கினம். அது சரியில்லை. இப்ப இருக்கிற பிரிக்கிட டிசைனுக்கு லெகோ பேட்டண்ட் எடுத்தது 1958ல, அது காலாவதியாகிக் கனகாலம், பிரிக்கிட வடிவத்தை ட்ரேட்மார்க் ஆக்கிறதுக்கும் 2010ல ஐரோப்பிய நீதிமன்றம் இடம் கொடுக்கேல்லை. பொருந்துற பிரிக் செய்யிறது சட்டப்படி சரி. செட்டையும் பெட்டியையும் அப்படியே கொப்பி அடிக்கிறதுதான் களவு, லெப்பின் எண்ட கூட்டத்தை 2019ல ஷங்காய் பொலிஸ் பிடிச்சது அதுக்குத்தான். அதோட லெகோவுக்கே சைனாவில, ஜியாசிங் எண்ட ஊரில, பெரிய ஃபக்டரி இருக்கு. அதால நாட்டை வச்சுத் தரம் சொல்ல ஏலாது.

இனி என்னை ஒரிஜினல் பக்கம் தள்ளின விசயத்துக்கு வாறன். அது கழுவுறது.

கொழும்பில, அதுவும் வெள்ளவத்தை பம்பலப்பிட்டிப் பக்கம், ஒரு பக்கம் காலி வீதி, மற்றப் பக்கம் கடல். ஜன்னலைத் திறந்து வச்சால் உப்புக்காத்தோட சேர்ந்து கறுப்பா ஒட்டுற ஒரு தூசு வரும், அது வெறும் தூசு மாதிரித் தட்ட விழாது, பிரஷ் போட்டால் ஸ்டட்டுக்கு (பிரிக்கிட மேல இருக்கிற குமிழுக்கு) இடையில இன்னும் அப்பிக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சால் தப்பலாம், ஆனா தையல் மெஷினைக் கண்ணாடிக்குள்ள வச்சால் கைப்பிடியைச் சுத்திப் பார்க்க ஏலாது, வீட்டுக்கு வாற பிள்ளையள் முதல் செய்யிறதே அதைத்தான். அப்ப வருசத்துக்கு ஒருக்காவாவது கழட்டிக் கழுவித்தான் ஆக வேணும். லெகோ சொல்லுறது 40 பாகைக்கு மேல சூடு இல்லாத தண்ணி, மெல்லிய சோப்பு. நான் வலைப் பைக்குள்ள போட்டு வாளியில அலசி, பெட்ஷீட்டில பரப்பி, ஃபேனுக்குக் கீழ இரவு முழுக்க விடுறனான். வெயிலில காய விடக் கூடாது, வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாப் போகும்.

கழட்டி, கழுவி, திருப்பிப் பூட்டேக்கதான் பிரிக்கிட குணம் தெரியும். முதல்தரம் பூட்டேக்க சைனா பிரிக்கும் நல்ல இறுக்கம், உண்மையைச் சொன்னால் சில துண்டு ஒரிஜினலை விட இறுக்கம், கண்ணை மூடிக்கொண்டு பூட்டினால் வித்தியாசம் பிடிக்கிறது கஷ்டம். ஆனா கழட்டிக் கழட்டிப் பூட்ட, ஒரே பையில வந்த ஒரே பார்ட்டில ஒண்டு லூசாகுது, மற்றது பிளேட்டோட ஒட்டிக்கொண்டு வர மாட்டன் எண்டுது. எல்லாமே லூஸ் எண்டால் கூடப் பரவாயில்லை, அதுக்கேத்த மாதிரி டிசைனை மாத்தலாம். எது பிடிக்கும் எது விடும் எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் பிரச்சினை. லெகோ தன்ட அச்சுகளை ஒரு மில்லிமீட்டரை நூறாப் பிரிச்சால் வாற ஒரு பங்குக்கும் குறைஞ்ச வித்தியாசத்தில வச்சிருக்கு, 1958க்குப் பிறகு வந்த பிரிக் இண்டைக்கு வாற பிரிக்கில பூட்டுப்படுறதுக்குக் காரணம் அதுதான். பாவிச்ச பார்ட்ஸ் வாங்கப் பயப்படத் தேவையில்லை எண்டு நான் சொல்லுறதும் அதாலதான், ஆரோ ஒரு பிள்ளை வருசக்கணக்கா விளையாடின துண்டும் அதே பிடியோட வந்து சேருது.

தையல் மெஷினில இது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டால், மெஷினிட கையைப் பாருங்கோ. வலப்பக்கத் தூணில இருந்து இடப்பக்கம் வரைக்கும் கீழ ஒரு தாங்கலும் இல்லாமல் அந்தரத்தில நிக்குது, முனையில ஊசித் தலை. முழுப் பாரத்தையும் தூண் பக்கத்துப் பிளேட்டுகளிட பிடிதான் தாங்குது. உள்ளுக்க நான் வச்சது 24 பல்லுக் கியர், அது 8 பல்லுக் கியரைச் சுத்தும், கைப்பிடி ஒரு சுத்து சுத்த மேல்தண்டு மூண்டு சுத்து சுத்தும், பழைய கை மெஷினிலயும் கணக்கு அப்படித்தான். தண்டு முனையில, நடுவில இருந்து ஒரு ஓட்டை தள்ளி, ஊசியை ஏத்தி இறக்கிற பின்னை (முளையை) அடிச்சிருக்கிறன். ஓட்டைக்கு ஓட்டை 8 மில்லிமீட்டர், அதால ஊசி 16 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். கீழ தட்டில ஊசி போறதுக்கு விட்ட ஓட்டை ஒரு ஸ்டட் அளவுதான். கை கொஞ்சம் தொங்கினால் ஊசி ஓட்டை விளிம்பில தட்டும், தட்டினால் கியர் பல்லுத் தாண்டி கடகடவெண்டு சத்தம் போடும். இந்தக் கையை சைனாப் பிளேட்டில கட்டிப் பார்த்தன், ரெண்டு மூண்டு தரம் கழட்டிப் பூட்டின பிறகு தட்டத் தொடங்கிட்டுது. அதே டிசைன், பாவிச்ச ஒரிஜினல் பிளேட், கழுவின பிறகும் ஊசி நேரா நடுவில இறங்குது.

கியரிலயும் எக்ஸிலிலயும் (கியர் மாட்டுற தண்டிலயும்) சைனாச் சாமான் மோசம் எண்டு சொல்ல மாட்டன், சுத்துறது சுத்துது. கைப்பிடி மட்டும் கொஞ்சம் பாரமா இருந்தது, எக்ஸில் ஓட்டைக்குள்ள உரசுது போல.

நிறத்தில கதை வேற. கறுப்பில ரெண்டையும் கலந்தாலும் தெரியாது, அதால தையல் மெஷின் இந்த விளையாட்டுக்குத் தோதான சாமான், கீறல் விழுந்த துண்டை உள்ளுக்கப் போட்டு நல்லதை வெளியில வச்சால் முடிஞ்சுது. கிரீம் நிற ரேடியோ கட்டினால் கலக்க ஏலாது, ரெண்டு கொம்பனிக் கிரீமும் பக்கத்தில பக்கத்தில வைக்கேக்க வரி வரியாத் தெரியும். சாம்பலில கவனம் வேணும், லெகோவே 2004 அளவில தன்ட சாம்பலை மாத்திட்டுது, பழசும் புதுசும் ஒண்டோட ஒண்டு சேராது.

ஒரு இடத்தில மட்டும் நான் சைனாவைத்தான் எடுத்தன், அடிப்பலகை. மரக்கலருக்கு வேண்டியது செம்பழுப்பு, பழைய லெகோச் செம்பழுப்பு கழட்டேக்க டக்கெண்டு வெடிக்கிற கலர் எண்டு இதில ஊறின ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். பாவிச்சதில அதை எடுக்கிறது காசைக் கரியாக்கிற வேலை. பலகை அசையிறதில்லை, தொங்குறதில்லை, கழுவ வேண்டிய நேரம் மொத்தமாத் தூக்கி அலசிட்டு வைக்கலாம், அதுக்கு சைனா தாராளமாப் போதும். என்னட்ட இருக்கிற பழுப்பெல்லாம் புதுசுதான் எண்டதையும் சொல்ல வேணும், பத்து வருசம் கழிச்சு அதுவும் வெடிக்கலாம்.

மெஷினில இருக்கிற தங்கக் கலர் பூவேலைக்கு ஸ்டிக்கர் அடிக்க வேண்டாம், இந்த ஊர் ஈரத்துக்கு ஓரம் எழும்பும், தண்ணியிலயும் போட ஏலாது. தங்கக் கலர் டைல் (மேல குமிழில்லாத) துண்டுகளையே கறுப்புக்கு இடையில பதிச்சால் தூரத்தில இருந்து பூவேலை மாதிரித்தான் தெரியும், கழுவினாலும் போகாது. இதில சைனாக்காரரிட்ட தங்க நிறத்தில கூடத் தெரிவு இருக்கு, விலையும் மலிவு, நான் ரெண்டையும் கலந்துதான் பதிச்சன்.

திருப்பி விக்கிற யோசனை இருந்தால் ஒரிஜினல்தான், பார்ட்டாப் பிரிச்சாலும் போகும். நான் விக்கிற ஆளில்லை, அதால அதைப் பற்றிக் கூடக் கதைக்க வரேல்லை.

அப்ப உங்களுக்கு என்ன சொல்லுவன்? சும்மா அலுமாரித் தட்டில வைக்கிற சூன் பான் வண்டி, பஸ், கரம் போர்ட் எண்டால் சைனா பிரிக்கில கட்டுங்கோ, ஒரு கண்ணாடிப் பெட்டியும் வாங்குங்கோ, மிச்சக் காசில இன்னொண்டு கட்டலாம். பிள்ளையள் கை வைக்கிற சாமான், சுத்துற சாமான், அந்தரத்தில நிக்கிற பாகம் உள்ள சாமான் எண்டால் உள் எலும்புக்கூடாவது ஒரிஜினலா இருக்கட்டும். பெட்ரோமாக்ஸ் கட்ட நினைக்கிற ஆக்களுக்கு மட்டும் என்னால உறுதியா ஒண்டும் சொல்ல ஏலாது, கண்ணாடிக் கூட்டுக்குப் பாவிக்கிற ஒளி ஊடுருவுற துண்டுகளை லெகோ கனகாலமா வேற பிளாஸ்டிக்கில, பொலிகாபனேட்டில செய்தது, அது கெட்டி, ஆனா ரெண்டு துண்டை ஒண்டோட ஒண்டு பூட்டினால் கிறீச்செண்டு இறுகிப் போய் கழட்ட நகம் போகும். சைனாவில அந்தத் துண்டுகள் எப்படி எண்டு பார்க்க ஒரு சின்னப் பையளவுதான் இப்ப ஓடர் பண்ணியிருக்கிறன்.