சாட் கட்டர் வாடகைக்கு எடுத்தேன்: வெட்டுவது சுலபம், தூக்குவது?

வீட்டின் பின்புறப் புல்தரையை எடுத்துவிட்டுக் காய்கறிப் பாத்தி போட முடிவு செய்தோம். 600 சதுர அடியை மண்வெட்டியால் சுரண்ட என் இடுப்பு ஒத்துழைக்காது. அதனால் புல்தரையை வேரோடு சீவியெடுக்கும், இன்ஜின் வைத்த சாட் கட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வெட்டும் வேலைக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தாராளமாகத் தருவேன். புல்லை ஒழித்துக்கட்டும் மெஷின் என்று நம்பி எடுப்பவர்களுக்கு இரண்டுதான்.

மெஷினின் அடியில் 18 அங்குல அகலத்தில் ஒரு பிளேடு இருக்கிறது. அது சுழலாது. மண்ணுக்குள் முன்னும் பின்னும் வேகமாக அசைந்தபடி, புல்லை வேரும் மண்ணுமாகச் சீவிக்கொண்டே போகும். ஆழத்தை ஒன்றரை அங்குலத்தில் வைத்தேன். அதைவிட மேலாக வைத்தால் புல்லின் குருத்து மண்ணிலேயே தங்கி மறுபடி துளிர்க்கும். ரொம்ப ஆழமாக வைத்தால் நல்ல மேல்மண்ணும் சேர்ந்து போய்விடும். சக்கரம் தானாகவே இழுத்துக்கொண்டு போவதால் நாம் திசை காட்டினால் போதும். பின்னால் திரும்பிப் பார்த்தால் புல்தரை பாய் பாயாக அறுபட்டுக் கிடக்கிறது. அந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை எடுக்கலாம் போலிருந்தது!

முந்தின நாளே தரைக்குத் தண்ணீர் விட்டிருந்தேன். மண் காய்ந்திருந்தால் பிளேடு உள்ளே இறங்காமல் துள்ளும், சேறாக இருந்தால் சக்கரம் வழுக்கும். புதைத்த குழாய், ஸ்பிரிங்க்ளர், கேபிள் எங்கெங்கே போகின்றன என்று பார்த்துக் குச்சி நட்டு வைப்பது கட்டாயம். பிளேடுக்குப் புல்வேரும் ஒயரும் ஒன்றுதான்.

மெஷினின் எடை 150 கிலோவுக்குப் பக்கம். வண்டியிலிருந்து இறக்கச் சாய்பலகையும் இரண்டு பேரும் வேண்டும். மைத்துனர் வந்திராவிட்டால் அது வண்டியிலேயேதான் இருந்திருக்கும். சரிவான இடத்தில் இதைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். மரத்தடியிலும் வேலியோரத்திலும் இது உதவாது, அங்கெல்லாம் தட்டை மண்வெட்டிதான். கைப்பிடி அதிர்கிற அதிர்வில் ராத்திரி வரை விரல்கள் ரீங்கரித்தன.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். வாடகைக்குத் தருபவர் யாரும் சொல்லாத விஷயம் வெட்டியெடுத்த புல்லும் மண்ணும் சேர்ந்த எடை. 600 சதுர அடியை ஒன்றரை அங்குலக் கனத்தில் வெட்டினால் 75 கன அடி. ஈர மண் கன அடிக்கு 35 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் இரண்டரை டன்னுக்கு மேல் வருகிறது. அத்தனையையும் மெஷினா சுமக்கும்? மூன்றடி நீளத்துக்கு நறுக்கிச் சுருட்டினால் ஒரு சுருளே 20 கிலோ கனக்கும். நாங்கள் இரண்டடியாகக் குறைத்துக்கொண்டோம். வெட்டும் வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. தூக்கும் வேலை அதன் பிறகு எங்களை விடவேயில்லை. அப்புறம், எடுத்த கனத்துக்குத் தரை பள்ளமாகிவிடும். அதை நிரப்பவும் மண் வேண்டும்.

சுருள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மூலையில் புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, வெளிச்சம் புகாமல் கறுப்பு ஷீட்டால் மூடிவிட்டால் நாளடைவில் அருமையான மண்ணாக மக்கிவிடும். நன்றாக இருந்த சில பத்தைகளை அன்றைக்கே முன்பக்கத்துச் சொட்டைகளில் பதித்துத் தண்ணீர் விட்டேன், பிடித்துக்கொண்டன.

இரண்டு நட்சத்திரம் என்றேனே, அதற்குக் காரணம் புல்லின் வகை. கொத்தாக வளரும் புல் என்றால் இந்த மெஷினோடு கதை முடிந்தது. அருகம்புல் அப்படியில்லை. அதன் தண்டுகள் மண்ணுக்கு மேலேயும் ஓடும், பிளேடு தொடாத ஆழத்திலும் ஓடும். என் தரையின் ஒரு பாதியில் அதுதான் இருந்தது. பளிச்சென்று இருந்த மண்ணில் சில வாரங்களிலேயே பச்சை ஊசிகள் எட்டிப் பார்த்தன. கோரை இன்னும் மோசம், கிழங்கு கீழே பத்திரமாக இருக்கும். இந்த இரண்டும் உள்ள இடத்தில் அடுத்தபடியாக, மண்ணைக் கொத்திக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். துண்டான ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகிவிடும். தோட்டத்து முள்கரண்டியால் கிளறிக் கையால் பொறுக்குவதுதான் வழி. நான் இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இடம் சிறியது என்றால் இந்த மெஷின் வேண்டாம், காலால் உதைத்துத் தள்ளும் கைக்கருவியே போதும். அவசரமில்லை என்றால் டேப்பை உரித்துவிட்டு அட்டைப்பெட்டிகளை விரித்து, நனைத்து, மேலே மக்கிய உரம் பரப்பிச் சில மாதம் விட்டுவிடலாம். முதுகும் தப்பும், மேல்மண்ணும் அங்கேயே இருக்கும். மரத்தடியில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

எடுப்பதாக இருந்தால் கிளம்பும் முன் பிளேடின் முனை மழுங்கியிருக்கிறதா, ஆழத்தைப் பூட்டும் போல்ட் இறுகுகிறதா என்று அங்கேயே பாருங்கள். எனக்குக் கிடைத்ததில் போல்ட் தளர்ந்து, பாதி வேலையில் ஆழம் மாறிக்கொண்டே இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன். “எல்லாருமே சொல்றாங்க சார்” என்றார் வாடகைக்கு விட்டவர்.