கம்பி எங்கே இருக்க வேண்டும்? இரண்டு ஐசிடிகள், ஒரு முடிவு

ப்ருகாடா, அதாவது இதயத் துடிப்பைத் திடீரென்று ஆபத்தாகக் குலைக்கக்கூடிய மின்கோளாறு, என்று தெரிந்தபோது எனக்கு வயது 36. ஐசிடி, அதாவது அப்படிக் குலையும் துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்த உடலுக்குள் வைக்கும் கருவி, வைத்தே ஆக வேண்டும் என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. எந்த வகை என்பதைத்தான் என்னிடம் விட்டார்.

வழக்கமான வகையில் பெட்டி காறை எலும்புக்குக் கீழே இருக்கும். கம்பி ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வலது கீழறைக்குள் போய் நிற்கும். தோலுக்கடியில் வைக்கும் வகையான எஸ்-ஐசிடியில் பெட்டி இடது அக்குளுக்குக் கீழே, கம்பி நெஞ்செலும்பை ஒட்டித் தோலுக்கடியில். இதயத்தையோ ரத்தக்குழாயையோ அது தொடுவதே இல்லை. உயிரைக் குடிக்கும் துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்துவதில் இரண்டும் கெட்டிதான்.

நான் எஸ்-ஐசிடி பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் கம்பி. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. உள்ளே இருக்கும் கம்பி அத்தனை முறையும் வளைந்து நிமிர்கிறது. என்றாவது உறை கிழியலாம், கம்பி முறியலாம். அதனால் எழும் மின் இரைச்சலைத் துடிப்பு என்று நினைத்துப் பெட்டி வீணாக ஷாக் அடிக்கலாம். கிருமி தொற்றினால் கம்பியை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் கிடந்த கம்பி ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டிப் போயிருக்கும். லேசர் வைத்துப் பிரிக்கும்போது குழாய் கிழிந்தால் உடனே நெஞ்சைத் திறக்க அறுவைக் குழு தயாராக இருக்க வேண்டும். 70 வயதில் முதல் ஐசிடி வைப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை. 36 வயதுக்காரன் இன்னும் நாற்பது வருடத்துக்குக் கணக்குப் போட வேண்டும் அல்லவா? தோலுக்கடியில் இருக்கும் கம்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

849 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான ப்ரீடோரியன் ஆய்விலும் நான்கு ஆண்டுகளில் கம்பிச் சிக்கல் எஸ்-ஐசிடிக்கு 1.4 சதவீதம், மற்றதற்கு 6.6. தேவையில்லாத ஷாக் மட்டும் எஸ்-ஐசிடியில் சற்றுக் கூடுதல்: 9.7க்கு 7.3. ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் டி அலையையும் தனியாக ஒரு துடிப்பாக எண்ணிவிடுவது அதற்கு முக்கியக் காரணம். அதனால்தான் முன்கூட்டியே நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் என் அலைகளை அளந்து பார்த்தார்கள். அதில் தேறாதவர்களுக்கு எஸ்-ஐசிடி கிடையாது.

குறைகளும் உண்டு. பெட்டி 130 கிராம், மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் சில மாதம் இடது பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. இப்போதும் கையை ஒட்டி வைத்தால் உறுத்தும். பேட்டரி ஏழு ஆண்டு போல வரும், அப்புறம் பெட்டியையே மாற்ற வேண்டும். ஷாக் 80 ஜூல் வரை. மற்றது பெரும்பாலும் 40க்குள். எனக்கு இதுவரை ஒரு ஷாக்கும் அடித்ததில்லை, அதனால் வலியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

பெரிய குறை வேறு. துடிப்பு குறைந்தால் எஸ்-ஐசிடி பேஸ்மேக்கர் போல அதைத் தூக்கிவிடாது. சீரான வேகத்துடிப்பை வலியில்லாத மின்தட்டுகளால் அடக்கவும் அதற்குத் தெரியாது. இந்த இரண்டில் ஒன்று தேவைப்படுகிறவர் என்னைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவருக்குப் பழைய வகைதான் சரி. அல்லது 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்றாவது வகையைப் பற்றிக் கேட்கலாம்: கம்பி நெஞ்செலும்புக்குப் பின்னால், ரத்தக்குழாய்க்கு வெளியே, மின்தட்டும் கொடுக்கும். நான் வைத்துக்கொண்டபோது அது வரவில்லை.