‘உங்கள் பிஸ்டலுக்கென்றே தெரிவு செய்த பெலட்’ என்று சொல்பவரிடம் கவனம்: எங்கள் 86,500 ரூபா போய்விட்டது

எமது பாடசாலையின் குறிபார்த்துச் சுடும் கழகத்துக்காகப் பெற்றோர் சேர்த்துத் தந்த 86,500 ரூபாவை, சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து விளையாட்டுப் பொருள் விற்கும் ஒருவர், எயார் பிஸ்டலில் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) போட்டுச் சுடும் பெலட் எனும் சிறு ஈயக் குண்டுகளை விற்பதாகச் சொல்லி ஏமாற்றி எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மார் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த காசு அது. ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் பிள்ளைகளுக்கு எயார் பிஸ்டல் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்கள் இதை வாசித்த பின்னரே யாருக்கும் பணம் அனுப்புங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் இறுதியில் எழுதுகிறேன்.

விடயம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 10 மீற்றர் எயார் பிஸ்டல் போட்டியில் பயன்படுவது 4.5 மில்லிமீற்றர் ஈயப் பெலட். ஆனால் நல்ல டின்களின் மேல் தலை அளவு, அதாவது பெலட்டின் முன்பக்க விட்டம், 4.49, 4.50, 4.51 என்று நூற்றில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அத்துடன் தயாரிப்புத் தொகுதி இலக்கமும் இருக்கும். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு பிஸ்டல்களில்கூட ஒன்றின் குழலுக்கு ஒத்துப்போகும் பெலட் மற்றதற்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆகவே பிஸ்டலை அசையாமல் பிடிகருவியில் இறுக்கி, ஒவ்வொரு வகையிலும் சில சூடுகள் சுட்டு, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றன என்று பார்த்து, அதே தொகுதியில் மொத்தமாக வாங்கி வைப்பதுதான் முறை. இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீற்றர்தான். பிள்ளை சரியாகச் சுட்டும் பெலட் விலகிப் போனால் அந்தப் பிள்ளைக்குத் தன் கையின் மீதே சந்தேகம் வந்துவிடும். என் கவலை முழுவதும் அதுதான்.

அந்த விற்பனையாளர் நேரில் வந்தார். பிடிகருவியையும் பல டின்களையும் கொண்டுவந்து எங்கள் மண்டபத்திலேயே பிஸ்டலைப் பூட்டினார். சிலிண்டரில் காற்றழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்த்தார். ஒவ்வொரு வகைக்கும் புது அட்டை போட்டார். வகை மாற்றும்போது, குழல் பழகட்டும் என்று சில சூடுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார். தொழில் தெரிந்தவர் செய்யும் வேலை அது. 4.50 என்று குறித்த ஒரு டின்னில் ஐந்து சூடுகளும் ஒரே துளையாக, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 6 மில்லிமீற்றருக்குள் விழுந்தன. “சேர், இதுதான் உங்கட பிஸ்டல் கேட்கிற பெலட். இதே தொகுதியில் 14 டின் எடுத்து வைக்கிறேன்” என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். டின் ஒன்று 6,000 ரூபா, சோதனைக் கட்டணம் 2,500 ரூபா, ஆக மொத்தம் 86,500 ரூபாவை வங்கியில் வைப்பிலிட்டோம்.

கூரியரில் வந்த டின்களில் தலை அளவும் தொகுதி இலக்கமும் அச்சொட்டாக அவையேதான் இருந்தன. ஆனால் வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்கும் கருவி) இறப்பர் துண்டு வைத்துப் பிஸ்டலை இறுக்கிச் சுட்டபோது துளைகள் 15 மில்லிமீற்றருக்கும் மேல் சிதறின. ஒரு டின்னின் ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். அதன் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் தலை அளவு 4.52, தொகுதி இலக்கமும் வேறு. எல்லா டின்களும் அப்படியே. நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தபோது சில 0.45 கிராம், சில 0.53 கிராம். பிஸ்டலுக்குரிய இலேசான பெலட்டோடு ரைபிளுக்குரிய பாரமான பெலட்டைக் கலந்து நிரப்பியிருக்கிறார்கள்! பின்பக்கம் பாவாடைபோல் விரிந்திருக்கும் விளிம்பு நசுங்கியவையும், ஈயம் வெளுத்துப் பூத்தவையும் இடையிடையே கிடந்தன.

அதன் பிறகு கிடைத்த பதில்களைக் கேளுங்கள். முதலில் “பிள்ளைகளின் கை நடுங்கியிருக்கும்” என்றார். வைஸில் பூட்டிச் சுட்ட அட்டையின் படத்தை அனுப்பியதும் “குழலைத் துப்புரவாக்குங்கள்” என்றார். துப்புரவாக்கியும் மாற்றமில்லை என்றதும் “மலைநாட்டுக் குளிரில் ஈயம் சுருங்கும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்றார். 4.5 மில்லிமீற்றர் ஈயம் 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் சுருங்குவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு மில்லிமீற்றர், அது 4.50ஐ 4.52 ஆகப் பெருக்குமா? மேலும், அவர் சோதித்துக் காட்டியதும் இதே குளிரில், இதே மண்டபத்தில்தான். இரட்டை ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியபோது “களஞ்சியத்தில் பிழை நடந்திருக்கும், முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுதினார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. இப்போது எங்கள் இலக்கத்தையே தடுத்து வைத்திருக்கிறார். பக்கத்தில் நாங்கள் இட்ட கருத்தும் அழிக்கப்பட்டுவிட்டது; விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் எங்கள் மண்டபத்தில் சுட்ட அந்த அட்டையின் படத்தோடு.

பதுளைப் பக்கத்து ஆசிரியர் ஒருவருக்கும் இதே கதை நடந்திருக்கிறது. அவருக்கு வந்த டின்களிலும் இரட்டை ஸ்டிக்கர்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சோதித்த அதே டின்னையும் அதே தொகுதி டின்களையும் அந்த இடத்திலேயே கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள், பிறகு அனுப்புகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். ஸ்டிக்கர் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். பத்துப் பெலட்டையாவது நிறுத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டில் தொகுதி இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குத் தந்த சீட்டில் ‘பெலட் 14’ என்று மட்டுமே இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம்; நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அறிவிக்கப் போகிறோம். இதே முறையில் பணம் இழந்தவர்கள் இருந்தால் டின்களை எறியாமல், ஸ்டிக்கரை முழுதாக உரிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். 86,500 ரூபாவுக்கான எங்கள் முறைப்பாட்டோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.