முட்டையில்லாத பான்கேக்: கீன்வாவா, கடலை மாவா, மாபெலேயா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புரட்டாசி பிறந்தால், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவின் பல வீடுகளில் கறி, மீன், முட்டை மூன்றும் ஒரு மாதம் அடுப்படிக்குள் வராது. பால், தயிர், நெய் இருப்பதால் எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரிந்ததில்லை. இந்த வருடம் என் அண்ணன் மகள் அவற்றையும் விட்டுவிட்டாள். அதுவும் புரட்டாசியோடு முடிகிற விரதம் இல்லையாம். "பாலும் வேண்டாம் அத்தை, தேனும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சிறிய பாக்கெட் கீன்வா மாவை மேசையில் வைத்தாள். ஞாயிறு காலைக்குப் பான்கேக் வேண்டுமாம். அவள் அப்பாவுக்குக் கோதுமையில் இருக்கும் ஒட்டுப் புரதமான குளூட்டன் ஆகாது. ஆகவே கோதுமை மாவும் கிடையாது. என்ன செய்வது!

இந்த நாட்டில் பான்கேக் என்றால் மெல்லியது. பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, பாய் போலச் சுருட்டித் தருவார்கள். உள்ளங்கை அளவில் தடிமனாகச் சுட்டால் அதற்கு ஃப்ளாப்ஜாக் என்று பெயர். எந்த மாவு நல்லது என்று கேட்பவர்கள் முதலில் எதைச் சுடப்போகிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும். ஒன்றில் சமர்த்தாக இருக்கும் மாவு மற்றதில் மானத்தை வாங்கிவிடுகிறது.

கீன்வாவில் தொடங்கினேன். பெருவும் பொலிவியாவும் இருக்கும் ஆண்டீஸ் மலைப் பயிர் இது. 2013ஆம் ஆண்டை ஐ.நா. சபை கீன்வா ஆண்டாகவே அறிவித்தது. அரிசி, கோதுமை போலப் புல்லினம் அல்ல, நம் சக்கரவர்த்திக் கீரைக்கு ஒன்றுவிட்ட தங்கை. விதையின் மேல்தோலில் சபோனின் இருக்கிறது. பூந்திக்கொட்டை நுரைப்பதும் இதே வகைப் பொருளால்தான். அதன் கசப்பு எப்படிப்பட்டது என்று முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கரைத்துச் சுட்டேன். அண்ணன் ஒரு வாய் கடித்துவிட்டு, "மருந்து நன்றாக இருக்கிறது" என்றார்.

விதையாக இருந்தால் நுரை நிற்கும்வரை தேய்த்துக் கழுவலாம். மாவை எப்படிக் கழுவுவது? அடுத்த முறை கனத்த வாணலியில், சிறு தீயில், பத்து நிமிடம் கைவிடாமல் வறுத்தேன். பச்சை வாடை போய் வேர்க்கடலை வறுத்த மணம் வந்தது. கசப்பும் பெரும்பகுதி அடங்கியது. ஒரு கப் மாவுக்கு ஒரு கப் சோயா பால், இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், மசித்த வாழைப்பழம் பாதி, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. முட்டைக்குப் பதிலாக ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்தால் வெண்டைக்காய்க் குழைவு போல ஆகிவிடும். எல்லாம் கலந்து கால் மணி நேரம் ஊறட்டும். ஃப்ளாப்ஜாக் அளவில் ஊற்றி, மூடி போட்டு, ஓரம் காய்ந்து மேலே குமிழிகள் உடைந்து குழியாக நிற்கும்போது திருப்பினால் உள்ளே ஈரப்பதமும் வெளியே மொறுமொறுப்பும். அருமைதான், மறுக்கவில்லை. அதே கரைசலை மெல்லியதாக ஊற்றினேன். திருப்பும் முன்பே மூன்று துண்டு. பிடித்து நிறுத்தக் குளூட்டனும் இல்லை, முட்டையும் இல்லை.

கடலை மாவு இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. மிளகாய் பைட்ஸ் என்று இங்கே சொல்கிற பஜ்ஜியைப் பொரிக்காத டர்பன் வீடு ஏது, மாவு எப்போதும் கையிருப்பில் இருக்கும். ஆளிவிதை வேண்டாம், வறுக்கவும் வேண்டாம். தண்ணீரும் உப்பும் போதும், தானே ஒட்டிக்கொள்ளும். மெல்லியதாகப் பரப்பினாலும் கிழியாது, சுருட்டினாலும் உடையாது. புரதம் புரதம் என்று கீன்வாவைத் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். நூறு கிராமுக்கு அதில் சுமார் 14 கிராம் என்றால், கடலை மாவில் 20 கிராமுக்கும் மேல். கீன்வாவில் லைசின் உட்பட அவசியமான அமினோ அமிலங்கள் எல்லாம் இருப்பது உண்மை. பருப்பும் தானியமும் சேர்த்துச் சாப்பிடுகிற வீட்டுக்கு அது அவ்வளவு பெரிய செய்தி இல்லை.

கடலை மாவின் குறை இனிப்பில்தான். பட்டையும் சர்க்கரையும் தூவிச் சாப்பிட்டால் லட்டாகப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிட்ட ஒன்று வாயில் இருக்கும். வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய் போட்டு ஊறுகாயோடு சாப்பிடுங்கள், குறை தெரியாது.

மூன்றாவது மாபெலே. ஜூலு மக்களின் சோள மாவு, மக்காச்சோளம் அல்ல. கஞ்சிக்காக சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்து இறங்கியவர்களில் பலருக்கு இந்தச் சோளம் ஊரிலேயே பழகியதாக இருந்திருக்கும். நாம்தான் இடையில் மறந்துவிட்டோம். நைசாக அரைத்ததை வாங்க வேண்டும், இல்லையென்றால் பல்லில் நறநறக்கும். கொதிக்கும் தண்ணீர் விட்டுக் கிளறி, ஆறியபின் கரைத்தால் ஓரளவு பிடிப்பு வரும். தனியாகச் சுட்டால் கொஞ்சம் வறட்சி. கடலை மாவோடு பாதிக்குப் பாதி சேர்த்தபோது சுருட்டவும் முடிந்தது, சர்க்கரையோடும் சண்டை போடவில்லை. மெல்லிய பான்கேக்குக்கு என் ஓட்டு இந்தக் கலவைக்கே.

தோசை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஆயா கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் முதல் நாளே ஊறப்போட்டு அரைக்கப் போகிறவர் யார் என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

கீன்வா மாவின் விலை கடலை மாவைப்போலப் பல மடங்கு. தினமும் சுடக் கட்டாது. ஆனால் மூன்றாவது ஞாயிறு மிஞ்சியவற்றை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். திங்கள் காலை திறந்தபோது கடலை மாவுச் சுருள் விறைத்துக் கிடந்தது, மாபெலே கலந்தது ஓரத்தில் வெடித்திருந்தது. வாழைப்பழம் போட்ட கீன்வா ஃப்ளாப்ஜாக் மட்டும் விரலால் அழுத்தினால் பஞ்சு போல எழும்பியது. அண்ணன் மகள் அதில் நான்கை எண்ணி எடுத்து வேலைக்குக் கட்டிக்கொண்டு போனாள். ஐந்தாவதை, மருந்து என்று சொன்னவர் நின்றபடியே சாப்பிட்டுவிட்டார்.