ஒரே லப்டொப்பில் இரண்டு விண்டோஸ் போடக் கொடுக்கப் போகிறீர்களா? என் கதையைக் கேளுங்கள்

மாங்குளத்தில் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், கலியாணக் கார்டு எல்லாம் உண்டு. ஆனால் கடை ஓடுவது மரண அறிவித்தலாலும் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டாலும்தான் (இறந்தவரின் நினைவு மலர்தான் அது). பன்னிரண்டு வருடமாக நான் செய்த கல்வெட்டுகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் இருந்தன. இப்போது இல்லை. அதற்குக் காரணம் கிளிநொச்சியில் ஒரு கடை. பெயர் போடவில்லை. அந்தப் பெடியனும் உழைத்துச் சாப்பிடுகிறவன்தான்.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போடத் தொடங்கியதும், பாவித்த லப்டொப் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதன் டி டிரைவுக்கு மாற்றினேன். இரண்டு கிழமையில் பழையது முற்றாகப் படுத்துவிட்டது. இன்னொரு பிரதி எடுத்து வைத்தேனா? இல்லை. அந்தப் பிழை என்னுடையது, அதை மறைக்கவில்லை.

லப்டொப்பில் இருந்தது விண்டோஸ் 11. என் லேசர் பிரிண்டரோ விண்டோஸ் 7 காலத்துச் சாமான், அதற்குப் பிறகு கொம்பனி அதை இயக்கும் மென்பொருளை (டிரைவர்) விடவேயில்லை. பேஜ்மேக்கரும் 11இல் திறக்கும், அச்சிடப் போனால் விழுந்துவிடும். இரண்டு விண்டோஸையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், லப்டொப்பைப் போடும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். செய்த கைதான் பிழை.

“ஓம் அண்ணை, ரெண்டையும் போடலாம். நாலாயிரம். நாளைக்குப் பின்னேரம் வந்து எடுங்கோ.”

டி டிரைவில் என் வேலை எல்லாம் இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். அவன் தலையாட்டினான். துண்டில் எழுதியது என் பெயரும் போன் நம்பரும் “7 போட” என்பதும் மட்டும்.

மறுநாள் போனால் லப்டொப் நேரே விண்டோஸ் 7இல் எழும்புகிறது. எதுவும் கேட்கவில்லை. திரையில் எழுத்தெல்லாம் ஊதிப்போய்க் கிடக்கிறது, வைபை இல்லை. 11 எங்கே தம்பி என்றேன்.

“உங்கட மெசின்ல வைரஸ் அண்ணை. அதுதான் முழுசா போர்மட் அடிச்சனான்.”

டி டிரைவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. காசைத் திருப்பிக் கேட்டதற்கு, வேலை செய்ததுதானே என்றான். கொஞ்ச நேரம் அந்த வெறும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பஸ் ஏறினேன்.

என் அக்காவின் மகன் அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறான். சனிக்கிழமை வந்து பார்த்தான். “மாமா, வைரசும் இல்லை ஒண்டும் இல்லை. டிஸ்க்கை ஒருக்கா முழுக்கத் துடைச்சிருக்கிறாங்கள்” என்றான். அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

டிஸ்க்கில் எந்தப் பாத்தி (சி, டி என்று பிரித்த பகுதி) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு வயல் வரம்பு போல ஒரு கணக்கு உண்டு. புதிய முறைக்கு ஜிபிடி என்று பெயர், பழையதற்கு எம்பிஆர். என் லப்டொப்பில் இருந்தது ஜிபிடி. அதோடு செக்கியூர் பூட் என்ற காவலும் உண்டு, அது இயங்கும்வரை விண்டோஸ் 7 எழும்பாது. பெடியன் அதை நிறுத்தி, லப்டொப்பை எழுப்பும் அடிப்படை அமைப்பான பயோசைப் பழைய லெகசி முறைக்கு மாற்றியிருக்கிறான். லெகசியில் விண்டோஸ் 7 ஜிபிடி டிஸ்க்கில் ஏற மறுக்கும், எம்பிஆர்தான் கேட்கும். அந்த இடத்தில் எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாம். அவன் ‘கிளீன்’ என்று ஒரு கட்டளை கொடுத்து, எல்லா வரம்பையும் வெட்டிவிட்டு, புதிதாக இரண்டு பாத்தி கட்டிவிட்டான்.

மருமகன் அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டான். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பாதியாவது வந்திருக்குமாம். இது சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க், எஸ்எஸ்டி. போர்மட் செய்தவுடனே அழிந்த இடங்களை அது தானாகவே துப்புரவாக்கிவிடும், அதற்கு ட்ரிம் என்று பெயர். விடியும்போது ஒன்றும் தேறவில்லை.

இதில் கோபம் வருவது எதற்கென்றால், எனக்கு இரண்டு பாத்தியே தேவைப்படவில்லை. மருமகன் 11ஐத் திரும்பப் போட்டான். உரிமம் போர்டோடு பதிந்திருந்ததால் காசு கேட்கவில்லை. பிறகு வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் விண்டோஸ் 7ஐ ஒரு ஜன்னல் போலத் திறந்து தந்தான். பிரிண்டர் அதற்குள்ளே வேலை செய்கிறது. இன்டர்நெட்டை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை, 2020 ஜனவரி 14உடன் 7க்கான பாதுகாப்பு முடிந்துவிட்டது. பயோசைத் தொடவேயில்லை.

விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான உபுண்டுவைப் போடக் கொடுக்கிற மாணவர்களுக்கும் இதே கண்டம் உண்டு. நிறுவும்போது விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா, டிஸ்க்கை முழுதாக அழித்துப் போடவா என்று கேட்கும் பக்கம் வரும். அதில் கை தவறினால் என் கதைதான். அந்தப் பக்கம் வரும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். பிட்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்ட லப்டொப் என்றால் அதன் 48 இலக்கச் சாவியை முதலே எழுதி வையுங்கள், பயோசில் கை வைத்தவுடன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். உபுண்டுவில் இருந்து விண்டோஸுக்கு வந்ததும் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டினால் மட்டும் பயப்பட வேண்டாம். அது இரண்டுக்கும் நேரக் கணக்கில் உள்ள வித்தியாசம், அதைக் காட்டி எவனாவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தேவையான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் போட்டு வீட்டில் வைத்துவிட்டுத்தான் லப்டொப்பைக் கடைக்குக் கொண்டு போங்கள்.

போன மாதம் ஓர் அம்மா கணவரின் ஆட்டைத் திவசத்துக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தா. “கல்வெட்டில போட்ட அந்தப் படம் உங்களிட்ட இருக்கும்தானே தம்பி” என்றா. இல்லை என்றேன். வீட்டிலிருந்த கல்வெட்டைக் கொண்டுவந்து தந்தா, அதிலிருந்து ஸ்கேன் செய்தேன். அப்படி இதுவரை பதினொரு கல்வெட்டு திரும்பிச் சேர்ந்திருக்கிறது. என் கடையில் அடித்தது யாரிடமாவது இருந்தால் ஒருக்கா கொண்டு வாருங்கள், நின்ற நிலையில் ஸ்கேன் செய்துவிட்டுத் தந்துவிடுவேன்.