ஜேம்ஸ்டவுனும் பிளிமத்தும்

அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் ஆங்கிலேயக் குடியேற்றம் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன். 1607 மே மாதம் 104 ஆண்களும் சிறுவர்களும் அங்கே இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. லாபம் தேடி அவர்களை அனுப்பியது லண்டனின் வர்ஜீனியா கம்பெனி. 1620 டிசம்பரில், இன்றைய மாசசூசெட்ஸில் உள்ள இன்னொரு ஆங்கிலேயக் குடியேற்றமான பிளிமத்தை அடைந்த மேஃபிளவர் கப்பலிலோ 102 பேர், பலர் குடும்பம் குடும்பமாக. அவர்களில் ஒரு பெரும் பகுதிக்குத் தம் வழிபாட்டு முறையே முக்கியம்.

ஜேம்ஸ்டவுன்காரர்கள் பிடித்த இடமே தப்பு என்பேன். சுற்றிலும் சதுப்பு, கோடையில் ஆற்றுநீர் உப்புக் கரித்தது. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் குதிரை, நாய், எலி எதையும் விடவில்லை. இறந்தவர் உடலையும் தின்றார்கள். வெட்டுத்தடங்களோடு கிடைத்த ஒரு சிறுமியின் மண்டையோடு அதற்குச் சாட்சி. கோட்டையில் மிஞ்சியவர்கள் சுமார் 60 பேர்.

பிளிமத்திலும் முதல் குளிர்காலம் பாதிப் பேரைக் கொன்றது. ஆனால் அவர்கள் குடியேறியது, கொள்ளைநோயில் ஆளில்லாமல் போன பட்டுக்ஸெட் என்ற பூர்வகுடிகளின் ஊரில். காடு திருத்திய வயல் தயாராக இருந்தது. அவ்வூரில் பிறந்து, ஆங்கிலேயர் ஒருவரால் கடத்தப்பட்டு, திரும்பி வந்தபோது உறவுகளையெல்லாம் இழந்திருந்த டிஸ்குவாண்டம்தான் மீனை எருவாக இட்டு மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பணம் பார்த்தது ஜேம்ஸ்டவுன்தான், ஜான் ரால்ஃப் பயிரிட்ட புகையிலையால். அந்தப் புகையிலை வயல்கள் பெருகிய வர்ஜீனியாவுக்கு 1619-இல் ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பிளிமத்தோ 1623-இல் பொதுச் சாகுபடியை விட்டுவிட்டு, குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் என்று பிரித்த பிறகே வயிறார உண்டது.